மடி இல்லாத தாய்மாமன்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். கேட்டால் இரண்டு மூன்று ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ராஜா கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு ஓர் ஆசை வந்துவிட்டால், அது வாழைத்தாரில் ஏறிய குரங்கு மாதிரி. தாரைக் காலி பண்ணாமல் இறங்காது.

ஒருநாள் அண்டை நாட்டு அரசர் அவருக்குப் பாவை விளக்குகளை அன்பளிப்பாக அனுப்பினார். ஆளுயர வெண்கலப் பெண்கள் கையில் அகலை ஏந்திக்கொண்டு நிற்பார்களே, அவைதான். அவற்றைச் சபையின் இருபக்கமும் வரிசையாக நிறுத்தி ஏற்றியபோது, ராஜா சொக்கிப்போய்விட்டார்.

"என்ன நிலை! என்ன பணிவு! சாய்வதில்லை, சோர்வதில்லை, முகம் சுளிப்பதில்லை. நம் அரண்மனையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் இப்படி நின்றால் எவ்வளவு அழகாக இருக்கும்!"

சபையில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவன் மட்டும் ஆட்டவில்லை. அவன் பெயர் மிளகன். குள்ளமானவன், கறுத்தவன், வாயைத் திறந்தால் காரம். அதனால் பெற்றோர் வைத்த பெயரை ஊரே மறந்து மிளகன் என்றே கூப்பிட்டது. ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் அவன் உத்தியோகம்.

"அழகுதான் மகாராஜா. ஆனால் இந்தப் பெண்களுக்குக் காலும் வலிக்காது, வயிறும் பசிக்காது. அப்படியும் எண்ணெய் ஊற்றாவிட்டால் அணைந்துவிடுகிறார்கள், பாருங்கள்" என்றான்.

ராஜா லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பிடிக்காமல் உதட்டைக் கடித்தவர் ஒருவர் உண்டு. அவர் குணசிங்கர். மகாராணிக்கு அண்ணன். அரசாங்கப் பட்டுக்கடைக்கு அதிகாரி. வெளியூர் வணிகர்களும் ஊர்ச் செல்வந்தர்களும் பட்டு வாங்க வரும் பெரிய கடை அது. பெண்கள் நாள் முழுக்க நின்று, புடவைகளை விரித்துக் காட்டுவார்கள். ராஜாவுக்கு மைத்துனராக இருந்தும், ராஜா தன்னைவிட ஒரு கோமாளியின் பேச்சுக்குக் காது கொடுக்கிறாரே என்று குணசிங்கருக்கு நெஞ்செரிச்சல்.

"மகாராஜா, என் கடைப் பெண்களைத் தாங்கள் வந்து பார்க்க வேண்டும். இந்தப் பாவைகள் தோற்றுப்போவார்கள்" என்றார் அவர்.

உடனே ராஜா கிளம்பிவிட்டார். மிளகனும் பின்னாலேயே போனான்.

அது உச்சிவெயில் நேரம். கடையில் வாங்க ஆளே இல்லை. அப்படியும் பெண்கள் சுவரோரமாக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பூவாயி என்ற ஒருத்தி மட்டும் ஒரு துணிமூட்டையின் மேல் உட்கார்ந்து கெண்டைக்காலை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். காலில் நரம்புகள் சுருண்டு, மண்புழு ஊர்வது போலப் புடைத்திருந்தன. ராஜாவைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

குணசிங்கருக்கு முகம் சிவந்தது. "ராஜா வருகிற நேரத்தில் உட்கார்ந்திருக்கிறாயா? இன்றோடு உனக்கு இங்கே வேலை இல்லை. போ!"

"சாமி, காலையில வந்ததுல இருந்து நிக்கறேனுங்க. இப்ப ஆளே இல்லையேன்னு ஒரு நிமிசம் உக்காந்தேனுங்க. துணியைக் கசக்கினனா, யாரையாச்சும் காக்க வெச்சனா? என்ன தப்புன்னு சொல்லிப்போட்டு அனுப்புங்க சாமி" என்றாள் பூவாயி. அழவில்லை.

"எதிர்த்துப் பேசுகிறாள் பாருங்கள் மகாராஜா!"

ராஜா அந்தக் காலைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் மைத்துனரை மற்றவர் முன்னால் விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. பாவை விளக்கு ஆசையும் இன்னும் தலையில் எரிந்துகொண்டிருந்தது. திரும்பி நடந்தார்.

"மகாராஜா, கேள்வி கேட்டவளுக்குப் பதில் கிடைக்கவில்லையே" என்றான் மிளகன்.

"நாளை சபையில் கிடைக்கும்" என்றார் குணசிங்கர்.

சொன்னபடியே மறுநாள் அவர் ஒரு சட்டத்தோடு வந்தார். இரவெல்லாம் யோசித்து எழுதியது. பூவாயியை மனதில் வைத்து எழுதியது பாதி. சபைப் படிக்கட்டில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மிளகனை மனதில் வைத்து எழுதியது மீதி. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்:

"அரண்மனைச் சம்பளம் வாங்கும் எவரும், காலை முரசு முதல் மாலை முரசு வரை, எந்த இடத்திலும், எக்காரணம் கொண்டும் உட்காரலாகாது. உட்கார்ந்தால் அந்த நொடியே வேலை போகும்."

மிளகன் படிக்கட்டிலிருந்து மெல்ல எழுந்தான். "எவரும் என்றால், எவருமேவா?"

"எவரும்தான். ஏன், உனக்கு இடிக்கிறதோ?"

"எக்காரணம் கொண்டும் என்றால், எந்தக் காரணமும் செல்லாதா?"

"செல்லாது! எழுதியவன் நான். எனக்குத் தெரியாதா?"

ராஜா முத்திரை வைத்துவிட்டார். அத்தோடு விட்டாரா குணசிங்கர்? "மகாராஜா, இதைக் கண்காணிக்க ஓர் ஆள் வேண்டும். மிளகனையே போடலாம். ஒருவரை அவன் உட்கார விட்டாலும் அவன் நாட்டை விட்டே போக வேண்டும்" என்றார். கண்டிப்பாக இருந்தால் ஊர் அவனைத் தூற்றும். இரக்கப்பட்டால் நாடு கடத்திவிடலாம். எப்படிப் போட்டாலும் தாயம் தனக்கே என்று அவர் கணக்கு.

மிளகன் கைகூப்பினான். "ஏற்கிறேன் மகாராஜா. ஒரே ஒரு வரம் கொடுங்கள். இந்தச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து நான் நிறைவேற்றும்போது, யார் எவர் என்று பார்க்காமல் எழுப்பும் அதிகாரம் எனக்கு வேண்டும்."

"கொடுத்தோம்" என்றார் ராஜா.

செய்தி ஊருக்குள் பரவியது. கடைவீதியில் மிளகன் நடந்தால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேலை போன பூவாயி, கோயில் வாசலில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் கரண்டியை நீட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"ஏம்ப்பா மிளகா, உன்ன நல்லவன்னு நெனச்சனே! எங்கூட நின்ன புள்ளைங்க எல்லாம் பொழுதுக்கும் கண்ணு கலங்கி நிக்குதுங்க. நீ போயி அதுங்களுக்குக் காவல் நிக்கறியா?"

"அக்கா, ரெண்டு நாள் பொறு. நிக்கறவங்க காலு வலிக்குதுன்னு உக்காந்திருக்கறவங்க காதுல எத்தனை சொன்னாலும் ஏறாது. அவங்களையும் கொஞ்சம் நிக்க வெச்சுப் பாக்கறேன்."

"அவங்களையா?" பூவாயி கரண்டியைக் கீழே இறக்கினாள். "அடப் பாவி" என்று சொல்லி, ஒரு தொன்னை நிறையச் சுண்டலை அள்ளி அவன் கையில் வைத்தாள்.

மறுநாள் காலை முரசு அடித்தது. ராஜா கண்விழிக்கும்போது வீணை வாசிப்பது வழக்கம். அன்றைக்கு வீணைக்காரர் நின்றுகொண்டு வீணையைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார். ஒரு கை தாங்கவே சரியாகப் போயிற்று. மற்றொரு கை தந்தியைத் தொட்டதும், பூனையை வாலில் மிதித்தது போல ஒரு சத்தம். ராஜா படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தார்.

"என்ன இது?"

"பூபாளம் மகாராஜா. நின்று வாசித்தால் இப்படித்தான் வருகிறது" என்றார் வீணைக்காரர், கண்ணீர் மல்க.

அடுத்து ராஜா யானைமேல் கோயிலுக்குக் கிளம்பினார். பாகன் யானைமேல் உட்காரக் கூடாதே! மிளகன் அவனைக் கீழே இறக்கி நடக்க வைத்தான். பாகன் கீழிருந்து கத்தியதை யானை காதில் போட்டுக்கொள்ளவில்லை. சந்தை வந்தது. கரும்புக்கட்டு தெரிந்தது. யானை தன் இஷ்டப்படி திரும்பிவிட்டது. கோயில் பூசை முடியும்வரை ராஜா கரும்புக்கடை நடுவில் அம்பாரியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஆசி வழங்கிக்கொண்டிருந்தார்.

அரண்மனைக் கோழிகூடத் தப்பவில்லை. அடைகாத்துக்கொண்டிருந்த அதை மிளகன் விரட்டினான். சமையல்காரர் ஓடிவந்தார். "அய்யோ, கோழிக்குமாப்பா சட்டம்?"

"தினம் அரண்மனைத் தானியம் வாங்குகிறதா இல்லையா?"

"வாங்குது."

"அப்படியென்றால் நிற்கச் சொல்லுங்கள்."

சபையிலோ இன்னும் வேடிக்கை. நின்றுகொண்டிருந்த அமைச்சர்கள் வலது காலிலிருந்து இடது காலுக்கும், இடது காலிலிருந்து வலது காலுக்கும் மாறிக்கொண்டே இருந்தார்கள். ராஜா எதைக் கேட்டாலும் "ஆகட்டும் மகாராஜா" என்றார்கள். ஏரிக்கரை உடைந்துவிட்டது என்றாலும் ஆகட்டும். பக்கத்து நாட்டான் படையெடுக்கிறான் என்றாலும் ஆகட்டும். சபை சீக்கிரம் கலைந்தால் போதும் அவர்களுக்கு.

"இவன் வேண்டுமென்றே கேலிக்கூத்து ஆக்குகிறான் மகாராஜா! இதற்காகச் சட்டத்தைத் திரும்பப் பெற்றால் அண்டை நாடு சிரிக்கும்" என்றார் குணசிங்கர்.

"நான் ஓர் எழுத்தையாவது மாற்றினேனா?" என்றான் மிளகன்.

ராஜா பல்லைக் கடித்தார். பறையறைந்து சொன்ன சட்டம். எப்படி விழுங்குவது?

குணசிங்கர் மட்டும் எப்படிச் சமாளித்தார் தெரியுமா? கடையின் உள்ளறையில் ஒரு கட்டிலைப் போடச் சொல்லி நீட்டிப் படுத்துவிட்டார். மிளகன் வந்து பார்த்தபோது, படுத்தபடியே பல்லைக் காட்டினார். "என்ன பார்க்கிறாய்? நான் உட்காரவில்லை. படுத்திருக்கிறேன். படுக்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறதா?"

மிளகன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஆகா! இந்த நுட்பம் எனக்குத் தோன்றாமல் போயிற்றே. மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்."

மறுநாள் ராஜா சபைக்குள் காலை வைத்தார். வைத்த காலை எடுத்துவிட்டார். சபை முழுக்க ஆட்கள் விழுந்துகிடந்தார்கள். முதல் அமைச்சர் மல்லாந்து கிடந்தபடியே கும்பிட்டார். வாயில்காப்போன் ஈட்டியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிலைப்படிக்குக் குறுக்கே படுத்திருந்தான். வயதான கணக்கர் குறட்டையே விட்டுக்கொண்டிருந்தார்.

"யார் வந்து இவர்களை வெட்டிப்போட்டது?" என்று அலறினார் ராஜா.

"யாரும் வெட்டவில்லை மகாராஜா. சட்டப்படி படுத்திருக்கிறார்கள். வழிகாட்டியவர் தங்கள் மைத்துனர்" என்றான் மிளகன். அவனும் ஒரு தூணுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துத்தான் இருந்தான்.

"எழுந்திருங்கள் எல்லோரும்! இனி படுக்கவும் கூடாது! சாயவும் கூடாது!"

குணசிங்கரின் கட்டில் அன்றைக்கே கடையை விட்டுப் போயிற்று. மிளகன் அவருக்குப் பக்கத்திலேயே நிழல் மாதிரி நின்றுகொண்டான். குணசிங்கருக்கு வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பொழுது முழுக்க நிற்க வேண்டி வந்தது. மதியத்தில் இடுப்பு கடுத்தது. மாலையில் பாதம் கொதித்தது. வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு வாய்விட்டு முனகினார். ஆனாலும் மறுநாள் விறைப்பாக வந்து நின்றார். வீம்பு என்று ஒன்று இருக்கிறதே!

அந்த வாரத்தில்தான் இளவரசருக்குக் காதுகுத்து வந்தது. ஒரு வயதுப் பிள்ளை. பட்டுச் சட்டை, இடுப்பில் பொன்னரைஞாண், கையில் கிடைத்ததையெல்லாம் பிடித்து இழுக்கும் வயது. சபையில் பந்தல், வாழைமரம், மாவிலை, நாதசுரம். நாதசுரக்காரர்களும் நின்றுகொண்டுதான் ஊதினார்கள்.

வழக்கப்படி தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும்? மணைமேல் குணசிங்கர் உட்காரப் போனார். சில நாள் கழித்துப் பகலில் உட்காரப் போகிறோம் என்ற நினைப்பிலேயே அவர் முகம் மலர்ந்தது. மகாராணி பிள்ளையைக் கொண்டுவந்தாள். ஆசாரி பொன்னூசியை எடுத்தார். சோதிடர் கையைத் தூக்கினார்.

"நில்லுங்கள்!" என்று ஒரு குரல். மிளகன் முன்னால் வந்து நின்றான்.

"உட்காராதீர்கள் ஐயா. மாலை முரசு இன்னும் அடிக்கவில்லை."

"முட்டாளே! இங்கே நான் அதிகாரி இல்லை. தாய்மாமன்!"

"அது எனக்கும் தெரியும். ஆனால் எந்த இடத்திலும், எக்காரணம் கொண்டும் என்று எழுதியவர் தாங்கள். எந்தக் காரணமும் செல்லாது என்று சபையில் சொன்னவரும் தாங்கள். நான் விட்டுவிட்டால் நாடு கடத்தப்படுவேனே! நின்றுகொண்டே மடியில் வைத்துக்கொள்ளுங்கள்."

குணசிங்கர் பிள்ளையை வாங்கினார். குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். நிற்கிற மனிதனுக்கு மடி ஏது? வயிறு இருந்தது, முழங்கால் இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய மடியைத்தான் காணோம். பிள்ளையை இடுப்பில் வைத்துப் பார்த்தார், அது வழுகியது. தோளில் போட்டுப் பார்த்தார். அது அவர் மீசையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியது.

ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "சாமி, புள்ள இந்த ஆட்டம் ஆடுது. இப்பக் குத்துனா காதுல ஏற வேண்டியது மாமன் மூக்குல ஏறிரும். என்னால ஆகாது."

"நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது!" என்று சோதிடர் பதறினார்.

"வேறு தாய்மாமன் இல்லையா? என் சின்னத் தம்பி எங்கே?" என்றாள் மகாராணி.

"சின்னவர் படைத் தலைவர் அல்லவா தாயே? அரண்மனைச் சம்பளம். பெரியப்பா மகன்கள் இருவரும் கருவூலத்தில். சித்தி மகன் யானைக் கொட்டிலில். தங்கள் உறவில் அரண்மனைச் சம்பளம் வாங்காதவர் ஒருவர்கூட இல்லையே! நானும் நேற்றெல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன்" என்றான் மிளகன்.

சபையில் யாரோ களுக்கென்று சிரித்து, இருமல் போல மறைத்தார்கள்.

"இன்னொரு வழியும் இருக்கிறது. ஐயா இப்போதே வேலையை விட்டுவிட்டால் தாராளமாக உட்காரலாம்" என்றான் மிளகன்.

குணசிங்கர் ராஜாவைப் பார்த்தார். மகாராணியைப் பார்த்தார். மணையைப் பார்த்தார். பிள்ளை மீசையை இன்னும் ஓர் இழுப்பு இழுத்தது.

மகாராணி அப்போதுதான் குனிந்து கவனித்தாள். "அண்ணா! பாதம் ஏன் இப்படிப் பணியாரம் மாதிரி வீங்கியிருக்கிறது?"

அண்ணனுக்கு அடக்க முடியவில்லை. "நின்று நின்றுதான் அம்மா! மனிதனால் எவ்வளவு நேரம்தான் நிற்க முடியும்? கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. ராத்திரி தூக்கமே இல்லை. எந்தப் பாவி இந்தச் சட்டத்தை…" என்று தொடங்கியவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

நாதசுரம்கூட நின்றுவிட்டது.

மிளகன் குரலைத் தாழ்த்தினான். இப்போது அதில் கேலி இல்லை. "மகாராஜா, ஐயா நின்றது சில நாள். பூவாயி நின்றது பல வருடம். என்ன தப்பு என்று சொல்லிவிட்டு அனுப்புங்கள் என்று கேட்டாள். இன்னும் யாரும் சொல்லவில்லை."

ராஜா மைத்துனரின் பாதத்தைப் பார்த்தார். மண்புழு போல நரம்பு புடைத்த அந்தக் காலையும் அவர் மறந்திருக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, மீசையில் பிள்ளை தொங்க, மடியைத் தேடி நிற்கும் குணசிங்கரைப் பார்த்தார். உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. சிம்மாசனம் அதிர, கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகாராணியும் சிரித்தாள். பிள்ளையும் காரணம் தெரியாமல் கெக்கலித்தது.

"போதும் மிளகா, போதும்! சட்டம் இந்த நொடியே செத்தது. மைத்துனரே, உட்காரும்!"

குணசிங்கர் தொப்பென்று உட்கார்ந்தார். மடி வந்தது. மடியில் பிள்ளை வந்தது. ஆசாரி கண் இமைக்கும் நேரத்தில் இரண்டு காதையும் குத்திவிட்டார்.

பிள்ளையின் அழுகை ஓய்ந்ததும், ராஜா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "இனி இந்த நாட்டில் வேலை நடக்கும் இடத்திலெல்லாம் வேலை செய்கிறவர்கள் உட்கார முக்காலி போட வேண்டும். கை ஓய்ந்த நேரத்தில் கால் ஓய்வது குற்றம் அல்ல. அதற்காக யார் சம்பளத்திலும் கை வைக்கக் கூடாது. ஒருவரை வேலையை விட்டு அனுப்புமுன் காரணத்தைச் சொல்லி, அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். பூவாயியிடம் தவறு என்னுடையது என்று சொல்லி, வேலைக்கு அழைத்து வாருங்கள்."

தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மிளகன் கழுத்தில் போட்டார். "முக்காலிகள் வந்துவிட்டனவா என்று கண்காணிக்கும் வேலையும் உனக்குத்தான்."

"அந்த வேலையை நின்று பார்க்க வேண்டுமா, உட்கார்ந்து பார்க்கலாமா மகாராஜா?"

ராஜா மறுபடியும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

நாலைந்து நாள் கழித்து ராஜா மிளகனைக் கூட்டிக்கொண்டு பட்டுக்கடைக்குப் போனார். அன்றைக்கும் உச்சிவெயில். பெண்கள் முக்காலிகளில் உட்கார்ந்து பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் குணசிங்கரும் ஒரு முக்காலியில்தான் இருந்தார். காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ராஜாவைக் கண்டதும் பூவாயி எழுந்தாள்.

"உட்கார் அம்மா, உட்கார்! எனக்காக எழுந்திருக்க வேண்டாம்" என்றார் ராஜா.

"உங்களுக்காக இல்லீங்க சாமி" என்று, அவள் ஒரு மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை எடுத்து உதறினாள். "பொடவையை நின்னு விரிச்சாத்தான் முந்தானை எடுத்துக் காட்டும். இது வேலைக்கு நிக்கறதுங்க. முன்ன நின்னது பயத்துக்கு. மகாராணிக்கு எடுப்பா இருக்கும், வாங்கிக்கறீங்களா, இல்ல சும்மா பாத்துட்டுப் போக வந்தீங்களா?"

ராஜா சிரித்துக்கொண்டே காசு முடிந்திருந்த மடிசீலையை அவிழ்த்தார். விலையில் ஒரு காசுகூட அவள் குறைக்கவில்லை.